கணவர் பெயர் என்ற காலிக் கட்டம்

1

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆனதை முன்னிட்டு என் மனைவி கேசரி கிண்டினாள். வருடாவருடம் கிண்டுகிறாள். முதல் இரண்டு மூன்று வருடம் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு அது பல் டாக்டரிடம் போவது மாதிரி, வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற காரியமாகிவிட்டது. மகள் ஆரணி இரண்டு கரண்டி சாப்பிட்டாள், நோர்வே மொழியில் வாழ்த்துச் சொன்னாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள். பதினாறு வயது. குடை எடுத்துக்கொண்டு போ என்று நான் தமிழில் சொன்னது அவளுடைய முதுகில் பட்டு விழுந்தது.

வெளியே மழை. நோர்வேயில், அதுவும் பேர்கனில் இருந்துகொண்டு மழை பெய்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, என்றைக்குத்தான் பெய்யவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கேசரித் தட்டோடு கணினியைத் திறந்தால் கண்டியிலிருந்து தர்ஷினியின் மின்னஞ்சல்.

தர்ஷினி பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பெண். தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய அந்தப் பழைய குடியிருப்புகளில், இருப்பவர்களுக்கு ஏழு பேர்ச் அளவு சின்னக் காணியும் அதில் ஒரு வீடும் கொடுக்கிற திட்ட அலுவலகம் ஒன்று கண்டி டவுனில் இருக்கிறது. அங்கே பெயர்ப் பட்டியல்களைக் கவனிப்பது அவளுடைய வேலை. அந்த அலுவலகத்துக்காக நான் இங்கிருந்து ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன், சும்மா. ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்கிற அரிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு நாற்பது தாண்டியதும் வரும். சிலர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பார்கள். நான் இதைச் செய்தேன்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. கலஹா பக்கத்துத் தோட்டத்தில் வீடு கிடைப்பவர்களின் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பாப்பாத்தி என்று ஒரு பெண் பஸ் ஏறிக் கண்டி அலுவலகத்துக்கே வந்து, எனக்கு வீடு இல்லையா என்று கேட்டிருக்கிறார். தேடிப் பார்த்தால் அவருடைய பெயர் இருக்கிறது, ஆனால் அவருடைய அண்ணனின் குடும்பத்துக்குள் இருக்கிறது. அண்ணனுக்கு ஒரு வீடு, அதற்குள்ளேயே இவரும் இவருடைய பிள்ளைகளும். "சார், புரோகிராம் ஒரு பிழையும் காட்டல. ஆனா அந்தம்மா சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது. ஆட்சேபனை குடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்று முடித்திருந்தாள்.

கலஹா பக்கத்துத் தோட்டம் என்றால் என்னுடைய தோட்டம். நான் பிறந்த லயமும், என் அண்ணனும் தங்கச்சியும் இன்னும் குடியிருக்கிற லயமும் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கின்றன.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. அண்ணன் கணேசன் எல்லோரிடமும் 'கம்பியூட்டர் ரிப்பேர்' என்று சொல்லிவைத்திருக்கிறார். உண்மையில் ஆஸ்பத்திரித் தரவுகளை ஆராய்வதுதான் வேலை. அதற்கு ஆர் என்றொரு புள்ளிவிபரக் கணினிமொழி இருக்கிறது, பெயரே ஒற்றை ஆங்கில எழுத்துதான். யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொல்வதும் தப்பில்லை. நாளில் முக்கால்வாசி ரிப்பேர்தான். எழுத ஒரு மணித்தியாலம், எழுதியதில் பிழை தேட ஆறு மணித்தியாலம்.

பிழையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சிவப்பு எழுத்தில் கத்தி, ஓடிக்கொண்டிருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிடும். அது நல்ல பிழை, நேர்மையான பிழை. மற்றது வாயே திறக்காது. கடைசி வரி வரைக்கும் ஓடி, அழகான அட்டவணை ஒன்றைக் கையில் கொடுக்கும். நாமும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு வீட்டுக்குப் போவோம். இத்தனை வருடத்தில் என் கண்ணையும் முதுகையும் தின்றது இந்த இரண்டாவது வகைதான்.

வந்த புதிதில் ஒரு பெரிய அறிக்கையை எழுதி முடித்துவிட்டு, "முழுக்க முடித்துவிட்டேன்" என்று மேலதிகாரி அம்மாவிடம் சொல்லப்போனேன். நான் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த நோர்வே சொற்களில் அது "நான் அடியோடு களைத்துப் போனேன், இனி என்னால் ஏலாது" என்று ஆகிவிட்டது. அந்த அம்மா எழுந்து வந்து, தோளில் கைவைத்து, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் படுத்திரு என்றார். நானும் போய்ப் படுத்திருந்தேன். இப்போது அதே வசனத்தைச் சரியான அர்த்தத்திலேயே சொல்லலாம். கேட்கத்தான் ஆளில்லை, அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

பெயர் விஷயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், அப்பா பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னுமாக எழுதுவார்கள். நான் கருப்பையா சிவலிங்கம். இங்கே வந்த முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் வைத்திருந்தார்கள். முன்னால் இருப்பதுதான் சொந்தப் பெயர் என்று அவர்களே முடிவெடுத்து அப்பாவை அதில் போட்டுவிட்டார்கள். மாற்றுவதற்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், அது சிங்களத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை, முத்திரையை உறுதிப்படுத்த இன்னொரு முத்திரை. மூன்றாவது தடவை வரிசையில் நின்றபோது போதும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வேலையிடத்தில் என்னைக் கருப்பையா என்றும், பிரியம் மிஞ்சினால் 'கரு' என்றும் கூப்பிடுகிறார்கள். என் அப்பாவை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் தோட்டத்தில் தொரையும் கணக்கப்பிள்ளையும் மட்டும்தான்.

மனைவிக்கு விசா எடுத்தபோது அவளுக்கும் சிவலிங்கம் என்று பின்னால் ஒட்டினார்கள். ஆரணி பிறந்ததும் அவளுக்கும் ஒட்டினார்கள். இப்போது எங்கள் கதவில் சிவலிங்கம் என்று ஒரே ஒரு பெயர். தபால்காரனுக்குச் சுலபம். வருடங்கள் போகப்போக எனக்கும் அது சுலபமாகிவிட்டது, அங்கேதான் எனக்கு மூளை மழுங்கியது.

3

தர்ஷினி என்னைத் தேடி எழுதியது போன வருடம். நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில், அதே புள்ளிவிபரத் துறையில் படித்தவள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் பிடித்திருக்கிறாள்.

அவளுடைய பிரச்சினை இதுதான். லயத்தில் ஒரு காம்பராவுக்குள், ஒற்றை அறைக்குள், இரண்டு குடும்பம், மூன்று குடும்பம்கூட இருக்கும். வீடோ குடும்பத்துக்கு ஒன்று. ஆகவே யார் யார் ஒரு குடும்பம் என்று முதலில் பிரித்தெடுக்க வேண்டும். கொழும்பில் யாரோ செய்து கொடுத்த புரோகிராம், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அதன் கணக்குப்படி தோட்டத்தில் புருஷன் ஒரு குடும்பம், பெண்சாதி ஒரு குடும்பம், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை ஒரு குடும்பம். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. பதிவு அலுவலகத்து வரிசையில் மூன்று தடவை நின்று தோற்றவன் நான். இதையாவது திருத்திக் காட்டுகிறேன் என்று ஒரு ரோஷம்.

இரண்டு சனி ஞாயிறில் எழுதி முடித்தேன். பிள்ளையின் பெயருக்கு முன்னால் இருக்கிற சொல் அதே லயத்தில் எந்த ஆணின் சொந்தப் பெயரோ, அவனுடைய பிள்ளை. தகப்பன் அகப்படாத பிள்ளை தாயோடு போகட்டும். பெண்களுக்குப் படிவத்தில் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தேன். அதில் பெயர் இருந்தால் அந்த ஆளோடு சேர். கட்டம் காலியாக இருந்தால் கல்யாணமாகாத பெண், ஆகவே அப்பா பெயரைப் பார்த்து அதே லயத்தில் இருக்கிற அப்பாவோடு சேர். அப்பா இல்லையென்றால் அண்ணன் தம்பியோடு சேர். ஒன்று காலியானால் அடுத்ததை எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு ஆர் மொழியில் ஒற்றைச் சொல் கட்டளை இருக்கிறது. எல்லாம் ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. அந்த வரியை எழுதிவிட்டுக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் சனங்களின் வழக்கம் தெரிந்த ஒருவனால்தான் இதை எழுத முடியும் என்று நினைத்தேன்.

பன்வில பக்கத்துத் தோட்டமொன்றின் பட்டியலை வைத்துச் சரிபார்த்தோம். தர்ஷினி நேரில் லயம் லயமாக நடந்து கேட்டு வந்தாள். ஒரு பிசகும் இல்லை. பிறகு கலஹாப் பக்கம் கூட்டம் வைத்து, இது நம்ம தோட்டத்துப் பிள்ளை, நோர்வேயில் இருக்கிற சிவலிங்கம் சார் செய்து கொடுத்தது என்று அறிவித்தார்களாம். எல்லோரும் கைதட்டுகிற படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதில் முன்வரிசையில் என் தங்கச்சி செல்வராணி உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தை நான் வேலையிடத்தில் இரண்டு மூன்று பேருக்குக் காட்டினேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

4

சனிக்கிழமைக்கு வருகிறேன். பிழை தேடுகிறவன் முதலில் அடுத்தவன் மேல்தான் சந்தேகப்படுவான். நானும் தர்ஷினியின் கோப்பைச் சந்தேகித்தேன். தமிழ் எழுத்துகள் எங்கேயாவது உடைந்து சதுரமாகிவிட்டனவா என்று பார்த்தேன். உடையவில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து குழம்பியதா என்று பார்த்தேன். பாப்பாத்தி அந்த லயத்தில் ஒருத்திதான். வயதைக் கட்டம் மாற்றி எழுதியிருக்கிறார்களா, வரிகள் இரட்டித்திருக்கின்றனவா, எல்லாம் பார்த்தாயிற்று. கேசரி ஆறி நெய் உறைந்துவிட்டது.

பிறகு செய்யவேண்டியதை முதலிலேயே செய்திருக்கலாம் என்கிற எரிச்சலோடு, பாப்பாத்தியின் லயத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்தேன். பதினேழு பேர். புரோகிராமை ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டேன். ஆறாவது வரி வரைக்கும் பாப்பாத்தியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தனியாக நின்றார்கள். ஏழாவது வரி தாண்டியதும் மூன்று பேரும் அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார்கள். ஏழாவது வரி, நான் சாய்ந்து உட்கார்ந்து ரசித்த அதே வரி.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. கணவர் பெயர்க் கட்டத்தில் என்.ஏ. என்று நின்றது. ஆர் மொழியில் காலிக் கட்டம் அப்படித்தான் தெரியும். காலி என்றால் கல்யாணமாகாதவள், சரியாகத்தானே போயிருக்கிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணி நனைந்து திரும்பி வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதே மொழி கொஞ்சம் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதனால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் நின்று பார்த்தாள். இது என்ன என்று நோர்வே மொழியில் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்போது சம்பாஷணை இப்படித்தான், ஆளுக்கொரு மொழி. இந்தப் பெண் ஏன் அண்ணன் வீட்டில் என்று கேட்டாள். கல்யாணமாகவில்லை என்றேன். கீழே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே என்றாள். நான் குனிந்து அந்த இரண்டு வரிகளைப் பார்த்தேன். அவளோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், என்னோடு படிக்கிற பாதிப் பேரின் வீடு இப்படித்தான், அம்மாவும் பிள்ளைகளும், அதுவும் ஒரு குடும்பம்தானே என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள் எங்கள் லயத்தில் கிடையாது. புருஷன் செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். படிவத்தின் மேலே 'உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதவும்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னதே நான்தான், பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று. எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். படிவம் நிரப்பப் போகிறவர்கள் பக்கத்துக் காம்பராவில் கேட்டுத்தான் எழுதுவார்கள். புருஷன் இல்லாதவர்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. தகப்பனில்லாத பிள்ளைகளைத் தாயோடு சேர் என்று எழுதத் தெரிந்த எனக்கு, அந்தத் தாய் யார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பன்விலயில் ஏன் பிடிபடவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே புருஷனை இழந்த பெண்கள் வேறு தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். அப்பா பெயருக்கு அந்த லயத்தில் ஆளே இல்லை. சேர்த்துவிட இடமில்லாமல் புரோகிராம் அவர்களைத் தனியே விட்டிருக்கிறது. கலஹாப் பக்கம் சொந்தத்துக்குள், அதே லயத்துக்குள் கொடுத்து எடுப்பது வழக்கம். பிறந்த வீடும் புகுந்த வீடும் நாலு கதவு தள்ளி இருக்கும்.

5

காலிக் கட்டமும் கையில் பிள்ளையும் உள்ள பெண்கள், அப்பாவோ அண்ணன் தம்பியோ இருக்கிற லயத்திலேயே குடியிருப்பவர்கள், இவர்களை முழுப் பட்டியலிலிருந்தும் எடுத்துக் காட்டு என்று கேட்டேன். பதினொரு பெயர் வந்தது.

ஏழாவது பெயர் கருப்பையா செல்வராணி.

என் தங்கச்சி. அவளுடைய புருஷன் ராஜேந்திரன் நாலு வருடத்துக்கு முன் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றும் டிக்கெட் கிடைக்கவில்லை என்றும் இரண்டு காரணம் சொன்னேன், இரண்டும் பாதி பாதி உண்மை. பிரேதம் எடுத்ததைப் போனில் பார்த்தேன். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. அப்படிப் பார்த்தவன், ஒரு வருடம் முன் உட்கார்ந்து, கணவர் பெயர் இல்லாத பெண் கல்யாணமாகாதவள் என்று எழுதியிருக்கிறேன். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் நான் அவனைச் சும்மா விட்டிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் அவளோடு பேசுகிறேன். பட்டியல் ஒட்டிய பிறகும் ஒரு ஞாயிறு போயிருந்தது. பிள்ளைகள் சுகம், மழை, கொழுந்து குறைவு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. பிழையைக் கண்ட மறுநாளும் ஞாயிறுதான். நான் போன் எடுக்கவில்லை. தலையிடி என்று மனைவியைப் பேசச் சொல்லிவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

6

திருத்துவதற்கு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிள்ளை உள்ள பெண்ணைக் கட்டம் காலியானாலும் தனிக் குடும்பமாக நிறுத்து என்று ஒரு வரி, பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க நாலு வரி. பதினொரு பேரும் பதினொரு குடும்பமாக எழுந்து நின்றார்கள். மற்ற எவருக்கும் ஒன்றும் மாறவில்லை. ஓய்ந்து போயிருந்தேன், சந்தோஷப்படத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை தர்ஷினியைப் போனில் பிடித்தேன். பதினொரு பேரில் ஒருத்தி என் தங்கச்சி என்று சொன்னதும் அலுவலக நடைமுறையை எடுத்துச் சொன்னாள். பட்டியல் ஒட்டிய பிறகு அதைத் திருத்தவேண்டுமென்றால் அலுவலகத் தலைவருக்குக் கடிதம் கொடுக்கவேண்டும். கடிதத்தில் பிழை யாருடையது என்று வரவேண்டும். நோர்வேயில் இருக்கிற அண்ணன், தங்கச்சிக்கு வீடு கிடைக்கவில்லை என்றதும் விதியை மாற்றினான் என்று பேச்சு வந்தால் மற்றப் பத்துப் பேரும் சேர்ந்து அடிபடுவார்கள்.

"சார், என் பிழைன்னு எழுதிர்றேன். படிவத்துல ஒரு கேள்வி விட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரே வராது" என்றாள்.

அவளுடைய வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. தை மாதம் அடுத்த புதுப்பிப்பு. இதெல்லாம் தெரிந்தும் உடனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தர் 'என்ன கரு, முகம் சரியில்லை' என்றார். முகத்தில் தெரிகிற அளவுக்கு நான் கோழையாக இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் கடிதத்தை நானே எழுதினேன். விதியை எழுதியவன் நான், பிழை என்னுடையது, கைம்பெண்களை யோசிக்கவில்லை, தர்ஷினிக்கு இதில் பங்கில்லை, முதலில் முறைப்பாடு செய்தவர் பாப்பாத்தி. கடைசிப் பத்தியில், பாதிக்கப்பட்ட பதினொரு பேரில் கருப்பையா செல்வராணி என் கூடப்பிறந்த தங்கச்சி, ஆகவே வேறொரு ஆளை வைத்து இதைச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். மூன்று மொழியிலும் அனுப்பவேண்டும் என்றார்கள். சிங்களத்தில் கைம்பெண் என்பதற்கு மரியாதையான சொல் எது என்று எனக்கு மறந்து போயிருந்தது. தர்ஷினிதான் போட்டுத் தந்தாள்.

7

வியாழக்கிழமை பதில் வந்தது. வேறொருவரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திருத்தம் ஏற்கப்பட்டது. பத்துப் பேரைத் தனிக் குடும்பமாகப் பதிந்தாயிற்று. ஒருவர் மட்டும் 'பட்டியல் சரி, எனக்கு ஆட்சேபனை இல்லை' என்று ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பதால், அவர் நாளைக்குள் தானே மனு எழுதித் தோட்டத்து ஆபீசில் கொடுக்கவேண்டும். அந்த ஒருவரின் பெயரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலையிடத்தின் வெளிப்படிக்கட்டில் நின்று போன் எடுத்தேன். அங்கே நாலரை மணி இருக்கும். செல்வராணி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வியாழக்கிழமை போன் வந்ததால் பயந்துவிட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன்.

"நீங்க செஞ்சதுன்னு சொன்னாங்கண்ணே" என்றாள். "எம் பேரு பெரியண்ணன் வீட்டோட சேந்து இருந்துச்சு. ஆம்பள இல்லாம தனியா இருக்க வேணாம்னு நீங்கதான் யோசிச்சுச் சேத்திருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க போட்டத நான் எப்புடி மாத்தச் சொல்றது?"

அப்படியென்றால் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவளுக்குக் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் பேசுகிறோம், அதிலும் வீட்டைக் கேட்டால் உங்களுக்கு மனசு கஷ்டமாகும் என்றாள். வீடு வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள், கேட்டு முடிப்பதற்கு முன்பே.

அது யோசித்துச் செய்ததில்லை, என்னுடைய பிழை, உன்னை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். பெரிய மகனைக் கூப்பிட்டுப் பேனை எடுத்து வரச் சொன்னாள். தர்ஷினி மனுப் படிவத்தைத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பி, கிளாக்கர் அதை லயத்துக்கே கொடுத்துவிட்டிருந்தார். போனைச் சத்தமாக வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். குடும்பத் தலைவர் என்று இருக்கிறது, பிள்ளைகளின் அப்பா பெயரைப் போடவா என்று கேட்டாள். உன் பெயரைப் போடு என்றேன். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்குப் பின்னால் கதவு திறந்து திறந்து மூடியது, ஆட்கள் காப்பி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கட்டம், குடும்பத்தில் எத்தனை பேர். நீயும் பிள்ளைகள் இரண்டும், மூன்று என்று போடு என்றேன்.

"நாலு பேருண்ணே" என்றாள். "மாமியா எங்கூடத்தான இருக்காங்க."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அவரு போனதுலருந்து. பேரு கொழுந்தன் காம்பராவுலதான் பதிஞ்சிருக்கு. சோறு எங்கிட்ட."

பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளை எண்ணவேண்டும் என்பது விதி. அதையும் படிவத்தில் போடச் சொன்னவன் நான்தான். செல்வராணி மூணு போடவா நாலு போடவா என்று இரண்டு தடவை கேட்டாள். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுக்கிறேன், உன் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. நாலு என்று எழுதம்மா என்றேன்.